எதிர்மலைக்குக் கேட்கிற தூரம்

தேயிலைத் தோட்டத்தில் 'மலை' என்பது ஒரு வேலைக் கணக்கு. நாலாம் நம்பர் மலை, பதினோராம் நம்பர் மலை என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. காலையில் பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் கூட்டம், கலையும்போது பெண்களை ஒரு மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்புவார்கள். ஆண்களை இன்னொரு மலைக்குச் செடியைக் கவ்வாத்து வெட்டவோ, கான் என்ற வடிகால் வெட்டவோ, முள்ளால் மண்ணைக் குத்தவோ அனுப்புவார்கள். நடுவே ஒரு பள்ளம் கிடக்கும். பனி விலகிய பிறகு, இந்த மலையில் நிரை பிடித்து நிற்பவளுக்கு அந்த மலையில் குனிந்திருப்பவனின் முதுகு தெரியும். முகம் தெரியாது. குரல் மட்டும் போய்ச் சேரும். இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துக் காதல் பாட்டுகளைக் கேட்கிறவர்கள் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

மலையக நாட்டார் பாட்டு என்றதும் நமக்கு நினைவு வருவது துயரம். உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த மலையைக் கைநீட்டிக் காட்டும் பாட்டு ஒன்று. விட்டு வந்த ஊரையும் பனந்தோப்பையும் பெற்றவளையும் வரிசையாக எண்ணிப் பார்க்கும் பாட்டு இன்னொன்று. இந்த இரண்டையும் மேடையிலும் கட்டுரையிலும் எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். கேட்டதெல்லாம் சாட்சியமாக, இந்த மக்கள் எப்படி வதைபட்டார்கள் என்பதற்கான வாக்குமூலமாக. ஆனால் தொகுப்புகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் மச்சான் வந்து நிற்கிறான். அவனைத் தாண்டித்தான் துயரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அவனை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கூலியையும் கங்காணியையும் மட்டும் பொறுக்கி எடுத்தது படித்தவர்களாகிய நாம் செய்த வேலை. பாடினவள் அப்படிப் பிரிக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

ஏக்கம் யாருக்காக, எந்தத் திசையில் என்று கேட்டால் ஒரு வரலாறு விரிகிறது. 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுக் கூலியாட்கள் கடல் தாண்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளைக்கு வர வேண்டும். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், 200 ஆண்டு நிறைவின்போது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்து வந்தது இந்த வழியை நினைத்துத்தான். கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் வயது வந்த ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவார்கள், காசைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஆகவே அந்தக் காலத்துப் பிரிவுப் பாட்டுக்குப் பிறந்த வீடு இலங்கை இல்லை. அது தமிழ்நாட்டுக் கிராமம். கண்டிச் சீமைக்குப் போனவனை நினைத்துக் களையெடுக்கும் வயலில் நின்று ஒருத்தி பாடியது அது. தமிழ்நாட்டு நாட்டுப்பாடல்களில் 'கண்டி' என்ற ஊர்ப்பெயர் வந்து விழுவது இப்படித்தான்.

1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அடியோடு போனது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் வைத்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இது பயிர் மாறிய கதை மட்டுமென்று நினைக்கக் கூடாது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுதும் கொழுந்து வரும், வாரத்துக்கு ஒருமுறையாவது கிள்ளியாக வேண்டும். கிள்ள விரல் வேண்டும், பெண்கள் வேண்டும், வந்தவர்கள் தங்க வேண்டும். ஊரில் காத்திருந்தவள் கப்பலேறி வந்து கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். காத்திருந்தவளின் பாட்டு வந்தவளின் பாட்டானது இப்படி. பழைய மெட்டுகள் அவளோடு வந்தன. ஆனால் முன்பு கண்டியைப் பார்த்து நின்ற ஏக்கம் இப்போது ஊரைப் பார்த்துத் திரும்பியது. பிறகு, தோட்டத்திலேயே பிறந்த பெண்கள் பாடத் தொடங்கியபோது, அது இன்னொரு முறை திரும்பி எதிர்மலையைப் பார்த்தது.

இலங்கைக் கோப்பி செத்ததில் ஆதாயம் அடைந்த நாடு பிரேசில். அந்த நாட்டை இங்கே இழுப்பதற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக இலங்கைக்குத் துரத்தியது. அதே காலத்தை ஒட்டி, 1877 முதல் 1879 வரை, பிரேசிலின் வடகிழக்கு வறண்ட நிலமான செர்த்தாவோவிலும் பெரும் வறட்சி. அங்கிருந்தவர்கள் அமேசான் ரப்பர்க் காட்டுக்கு ஓடினார்கள். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவே இரண்டு வறட்சிக்கும் பின்னணி என்கிறார்கள் ஆய்வாளர்கள். மூலக்காரணம் ஒன்று, ஓட்டம் இரண்டு. செர்த்தாவோ மக்களின் ஏக்கத்தை 1947இல் லூயிஸ் கொன்சாகாவும் உம்பெர்த்தோ தெய்செய்ராவும் ஒரு பழைய நாட்டார் மெட்டை எடுத்து 'அசா பிராங்கா' என்ற பாட்டாக்கினார்கள். வெள்ளைச் சிறகுப் புறாகூடப் பறந்துபோன வறட்சியில், காதலியை விட்டுப் போகும் ஆண் பாடும் பாட்டு அது. மழை பெய்தால் திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கிறான். தூரத்தில் இருப்பவர்மேல் வைத்த இந்த ஏக்கத்துக்கு அவர்களிடம் 'சௌதாதே' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பற்றி அவர்கள் பெருமையாக நிறைய எழுதுவார்கள். நம் மலைகளில் அப்படித் தனிச் சொல் எதுவும் உருவாகவில்லை. அங்கே போகிறவன் பாடுகிறான், இங்கே நிற்கிறவள் பாடுகிறாள். எனக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் இது. நிற்கிறவளுக்கு மழையை நம்பி வாக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. மழை பெய்தாலும் அவள் மழைத் தடுப்பான கொங்காணியைப் போட்டுக்கொண்டு நிரையில் நிற்க வேண்டியவள்.

அந்த நிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாட்டின் நடை அதிலிருந்து வருகிறது. தேயிலைச் செடி வரிசை வரிசையாக நிற்கும். ஒருத்திக்கு இத்தனை நிரை என்று கங்காணி பிரித்துக் கொடுப்பான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிய வேண்டும். கிள்ளும் கை நிற்காது. மூச்சு மட்டும் எறியும்போது ஒரு கணம் தளரும். பாட்டின் அடி அங்கே முடிகிறது. குட்டை அடிகள், ஒரே சொல்லை இரண்டு முறை போடும் பழக்கம், ஒருத்தி விட்ட இடத்தில் பக்கத்து நிரைக்காரி எடுத்துக்கொள்ள இடம் விடும் முடிவு. இவற்றை யாப்பிலக்கணத்தில் தேடுவதைவிட மட்டம் பார்த்துக் கிள்ளும் கையில் தேடலாம்.

உவமையும் அங்கேயிருந்துதான். கொழுந்து தளதளவென்று வளர்ந்ததைச் சொல்லும் மூச்சிலேயே, கூடிவாழ விதி இருக்கிறதா என்று கேட்கிற பாட்டு உண்டு. சங்கப் புலவர் உள்ளுறையாக வைத்துச் சொல்லியிருப்பார். இவள் அப்படிப் பூடகமாகச் சொன்னாள் என்று பாராட்டுவதற்கில்லை. கொழுந்து முற்றினால் கரட்டு இலை, எடை கழியும், பேர், அதாவது நாட்கூலிப் பதிவு, கிடைக்காது. வயது போனாலும் அப்படித்தான். இரண்டும் அவளுக்கு ஒரே கணக்கேட்டில் எழுதப்படுகிற நட்டம். காதல் பாட்டுக்குள் கிலோவும் இறாத்தலும் நுழைந்ததைப் பார்த்து 'பாவம், காதலிலும் வேலை நினைப்பு' என்று இரங்குகிறவர்களுக்கு, அவள் மச்சானைப் பார்க்க வாய்ப்புள்ள சில இடங்களில் ஒன்று கொழுந்து நிறுக்கும் மடுவம் என்பது தெரிந்திருக்காது. நிறுவைக்குக் காத்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம், பீலி என்ற பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் நேரம், கோயில் திருவிழா, காமன் கூத்து இரவுகள். இதற்கு வெளியே இளைஞர்கள் பார்த்துக்கொள்ள இடமேது?

வீட்டில் இடமில்லை. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் கிழவன் கிழவி முதல் கைக்குழந்தை வரை. இடையே ஒரு சுவர். அதற்கு அப்பால் இன்னொரு குடும்பம், அப்படியே தொங்கல் காம்பராவரை. (காம்பரா என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், பிரேசிலில் பேசப்படுவதும் போர்த்துக்கேயம்தான். சௌதாதே வராவிட்டாலும் அவர்கள் மொழியில் ஒரு சொல் லயத்துக்கு வந்துசேர்ந்தது.) இப்படிப்பட்ட வரிசை வீட்டில் இரகசியம் தங்காது. ஒருத்தி அழுதால் ஐந்தாவது காம்பராவுக்குக் கேட்கும்.

அதனால் பாட்டில் பெயர் வராது. மச்சான், மாமன் மகன், அத்தை மகன். எல்லாப் பாட்டிலும் இந்த முறைப்பெயர்கள்தான். முறைப்பையனைக் கட்டும் வழக்கம் உள்ள சமூகம் என்று இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். பாதி உண்மை அது. அகத்திணையில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. இலக்கிய மரபுக்காக வைத்த விதி. தோட்டத்தில் அதே விதியைப் பயம் வைத்தது. பெயரைச் சொன்னால் அப்பனுக்குத் தெரியும், சாதி பார்த்துப் பிரித்து வைத்த மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் தெரியும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கங்காணிக்குத் தெரியும். மச்சான் என்று பாடினால் அவன் எந்த மலையில் நிற்கும் எந்த மச்சான் என்று யாரும் கேட்க முடியாது. கேட்டால், சும்மா பாடின பாட்டு.

பெரிய கங்காணி என்பவன் வேலை வாங்குகிறவனாக மட்டும் இருக்கவில்லை. ஊரிலிருந்து ஆட்களைக் கட்டி வந்தவன், முன்பணம் கொடுத்தவன், அந்தக் கடனுக்குக் கணக்கு வைத்திருப்பவன். இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டை எவன் ஏற்று அடைக்கிறானோ அவனிடம்தான் போக முடியும். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை ஒருவன் தோட்டம் மாறுவது ஓர் அடிமை கைமாறுவதற்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பையனை விரும்புவது என்பதற்கு அப்போது என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். அவன் இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கலாம். ஆனால் நடுவில் இரண்டு கங்காணிகளின் கணக்குப் புத்தகங்கள் கிடந்தன. கங்காணியைக் கேலி செய்யும் பாட்டுகளையும் கண்வைக்கும் கங்காணியைச் சாடும் பாட்டுகளையும் 'எதிர்ப்பு இலக்கியம்' என்று ஒரு தட்டில் வைக்கிறார்கள். எனக்கு அவை காதல் பாட்டின் மறுபக்கமாகத்தான் கேட்கின்றன. மச்சானுக்குக் குறுக்கே நிற்கிறவன் யாரோ அவனை ஏசுகிறாள்.

இந்த மறைபேச்சு நமக்கு மட்டும் உரியதில்லை. பிரேசிலின் பரைபா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த ஆபிரிக்க அடிமைகள் 'ஜோங்கோ' என்ற பாட்டை வைத்திருந்தார்கள். பறையடித்து, வட்டமாக நின்று, விடுகதை போலப் பாடுவது. மரத்தையும் மாட்டையும் பற்றியது போலத் தோன்றும். உள்ளே எசமானும் மேற்பார்வையாளனும் இருப்பார்கள். ஸ்டான்லி ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1940களின் கடைசியில் வசூராஸ் என்ற ஊரில் தங்கி, வயதானவர்களிடம் இவற்றைப் பதிவுசெய்தார். 2005இல் பிரேசில் அரசு ஜோங்கோவைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது. ஒரே மாதிரியான மேற்பார்வை, ஒரே மாதிரியான மறைப்பு. ஆனால் ஜோங்கோவில் மறைக்கப்படுவது பெரும்பாலும் எசமான். நம் பாட்டில் கங்காணியை நேரடியாகவே திட்டுகிறார்கள், மறைக்கப்படுவது காதலன். எது அதிக ஆபத்தானது என்று அந்தந்தத் தோட்டம் முடிவுசெய்திருக்கிறது.

காதலைப் பெயர் சொல்லி, விளக்கு வைத்து, ஊர் கூடி ஆட இடங்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். டிம்புள்ள மலைப் பக்கத்தில் அது பகலில் வெயிலும் இரவில் கடும் பனியுமான காலம், கொழுந்தும் குறைவு. இரவுதோறும் தொடர்ந்து ஆட்டம் நடந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமன் தகனம் வரும். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களோடு வந்த கூத்து இது. அங்கே அது பல திருவிழாக்களில் ஒன்று. இங்கே அதுவே ஒரு சமூகத்தின் அடையாளமாகிவிட்டது. ஏன் இந்தக் கதை மட்டும் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது?

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிவன் தவத்தில் இருக்கிறார். தவம் கலைந்தால்தான் தேவர்களுக்கு விடிவு. அந்த வேலைக்கு இந்திரன் மன்மதனை ஏவுகிறான். ரதி கெட்ட கனாக் கண்டு, போகாதே என்று கெஞ்சுகிறாள். மேலிடத்து உத்தரவு, போகாமல் முடியாது என்கிறான் அவன். போகிறான், மலர்க்கணை விடுகிறான், நெற்றிக்கண்ணில் சாம்பலாகிறான். இதைத் தோட்டத்துப் பொட்டலில், தீப்பந்த வெளிச்சத்தில், மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போக வேண்டிய கூட்டத்தோடு உட்கார்ந்து பாருங்கள். புராணம் விலகிவிடும். மேலே இருப்பவர்களின் தேவைக்காக ஒருவன் அபாயமான வேலைக்கு அனுப்பப்படுகிறான். அனுப்பியவர்களில் ஒருவரும் அவனோடு எரியவில்லை. மிச்சம் இருப்பது ஒரு பெண்ணும் அவள் புலம்பலும். மன்மதனை அழகின் தெய்வமாகப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இந்தப் பொட்டலில் அவன் வேலைக்குப் போய்த் திரும்பாத ஆள்.

ரதி புலம்பல்தான் கூத்தின் உச்சம். அதன் நடையும் மொழியும் ஒப்பாரியின் நடை, ஒப்பாரியின் மொழி. பெண்கள் சாவு வீட்டில் கற்றுக் கொடுத்தது. ஆனால் ரதியாக நிற்பது ஆண். மரபான ஆட்டத்தில் எல்லா வேடமும் ஆண்களுக்கே. பகலெல்லாம் மலையில் பாடுகிறவள் இரவில் கூட்டத்தில் உட்கார்ந்து, தன் குரல் ஓர் ஆண்பிள்ளையின் தொண்டையிலிருந்து வருவதைக் கேட்டு அழுகிறாள். இதை ஆணாதிக்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்தக் காட்சியில் ஏதோ ஒன்று உறுத்துகிறது. புலம்பலுக்கு இரங்கிச் சிவன் மன்மதனை எழுப்பித் தருகிறார், ஒரு நிபந்தனையோடு: இனி ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான். பெயர் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல் மச்சானை வைத்திருந்தவளுக்கு இந்த வரத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தப்பு என்ற பறையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். விடியக்காலையில் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு விரட்டியது தப்பு. பிணம் தூக்கும்போது முன்னால் போனது தப்பு. மதனும் ரதியும் ஆடியதும் அதற்கே. தோல் ஒன்று, அடி வேறு. அடிக்கிறவர்களும் அதே ஆட்கள். பகலில் அவர்களுக்குச் சமூகம் கொடுத்த இடம் எதுவோ, அதைக் காமன் பொட்டலும் முழுக்க மாற்றிவிடவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 மலையக மக்கள் எண்ணிக்கையாக மாறினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். குடியுரிமையை இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே பறித்திருந்தது. இப்போது ஆட்களையே பங்குபோட்டார்கள். ஒரே லயத்தில் ஒரு காம்பராவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அடுத்த காம்பரா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டுக் காத்திருந்தது. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு காதல் இருந்தால்? மச்சானுக்கும் மச்சிக்கும் நடுவே முன்பு ஒரு பள்ளம் கிடந்தது, பிறகு துண்டு வந்தது. இம்முறை வந்தது கடல்.

அட்டன், நானுஓயா, கண்டி நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. யாரும் சாகவில்லை, ஆனால் பிளாட்பாரத்தில் சாவு வீட்டு மாரடிப்பு. செத்தவர்களுக்கென்று வைத்திருந்த பாட்டு வடிவத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு எடுத்துப் பாடினார்கள். நாட்டார் வழக்கில் இது சாதாரண மாற்றம் இல்லை. இருக்கிறவர்மேல் ஒப்பாரி வைப்பது அமங்கலம். சும்மா முனகினால்கூடத் தாய்மார் வாயில் போடுவார்கள். அந்தத் தடையை ஒரு தலைமுறை கூட்டாக உடைத்தது என்றால், அதற்கு முன்பிருந்த பாட்டு எதுவும் இந்தப் பிரிவுக்குப் போதவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். தாலாட்டு போதாது, மச்சான் பாட்டு போதாது. 1984இல் கப்பல் நிற்கும்வரை, குழந்தை குட்டிகளோடு நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இராமேசுவரம் போய் இறங்கினார்கள். மண்டபம் முகாமிலிருந்து சிலர் நூற்பாலைகளுக்கும், சிலர் நீலகிரியில் அரசாங்கம் தேயிலை வைத்த கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அங்கேயும் அதே செடி, அதே குளிர். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'. முப்பாட்டி ஊரை நினைத்து அழுதாள். பேத்தி அந்த ஊர் இருந்த நாட்டுக்கே போய், அட்டனை நினைத்து அழுதாள்.

இப்போது மலையில் பாட்டுக் கேட்பது அரிது. வானொலி வந்ததும் சினிமாப் பாட்டு வந்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, காதலுக்கு நல்ல மெட்டுக் கிடைத்தால் யார்தான் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாளொன்றுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்ற கணக்கு இறுகியபோது பாடும் மூச்சும் குறைந்தது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். தாய்மார் வளைகுடா நாடுகளில் பிறர் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள். பிரிவு இருக்கிறது, முன்பைவிடப் பெரிதாகவே. அதற்கு இப்போது கைப்பேசி போதுமானதாக இருக்கிறது.

எஞ்சியது அச்சில் இருப்பது. அதற்கு நாம் இரண்டு பேருக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறோம். பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஒருவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த தேர்தலுக்குள் அனுப்பியவர்களின் வாக்குரிமை போயிற்று. அந்த மனிதர் லயம் லயமாகப் போய்ப் பாட்டுச் சேர்த்து, தன் கடைசிக் காலத்தில் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகக் கொடுத்தார். அடுத்தவர் 'மலையக வாய்மொழி இலக்கியம்' எழுதிய சாரல்நாடன். இவர்களுக்கு வெகுகாலம் முன்பே, 1869இல், ஆபிரகாம் யோசேப்பு என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பாடி அச்சிட்டிருந்தார். கோப்பி எப்படிப் பயிரிடுவது என்று சொல்லும் கும்மி. தோட்டம் நடத்துகிறவன் பார்வையில் நிற்பது. அதில் மச்சானுக்கு வேலையில்லை. 1940இல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை, இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலையைப் பற்றி மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் அரசியல் பாட்டு எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். மெட்டு என்ன வேலை செய்யும் என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

சி.வி.யும் சாரல்நாடனும் தொகுக்காமல் இருந்திருந்தால் இன்று பேசவே ஒன்றும் இருக்காது. அதைச் சொல்லிவிட்டு ஒரு குறையையும் சொல்லலாம். தொகுத்த இந்த இருவருமே ஆண்கள். பாடினவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிரையில் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு பாடிய கொச்சையான, உடம்பைப் பேசும் பாட்டுகள் எத்தனை ஓர் ஆண்பிள்ளைக்கு முன் பாடப்பட்டிருக்கும், பாடப்பட்டவற்றில் எத்தனை அச்சுக்கு வந்திருக்கும்? அச்சுக்கு வந்தவையும் தலைப்புக் கட்டித்தான் வந்தன: காதல், தொழில், தாலாட்டு, ஒப்பாரி. பதிப்புக்கு அது வேண்டும்தான். ஆனால் மலையில் பாட்டுக்குத் தலைப்புக் கிடையாது. மச்சானைக் கூப்பிட்டுத் தொடங்குவாள். இரண்டாவது நிரையில் கூடை கனக்கும். கணக்கப்பிள்ளை கழிக்கப்போகும் எடை பாட்டுக்குள் வரும். அதைத் தொட்டுக்கொண்டு, பிள்ளைக் காம்பரா என்ற தோட்டத்துக் காப்பகத்தில் விட்டுவந்த கைக்குழந்தை வரும். பால் கட்டிய வலியில் பெற்றவள் நினைவு வரும். அங்கிருந்து ஊர் வரும், கடல் வரும், மறுபடியும் மச்சான் வருவான். அவன் பதில் பாடினானா என்று தெரிவதற்குள் நிறுவைக்குச் சங்கு ஊதிவிடும். எல்லாரும் பாட்டை அப்படியே செடிமேல் போட்டுவிட்டு, மடுவத்துக்கு இறங்குவார்கள்.